இரண்டரை லட்சம் தடவை மணி கேட்டவள்

உலகத்தில் உள்ள எல்லா ரயில்களும் ஒரு நாளாவது தாமதமாக வரும். வியாழக்கிழமை நாலு பதினாலு ரயில் மட்டும் அப்படி வந்ததே கிடையாது.

அன்றைக்கும் அப்படித்தான். புத்தகப் பை முதுகில் தொம் தொம்மென்று அடிக்க, அவள் நடைமேம்பாலத்தின் படிகளில் இரண்டிரண்டாக ஏறி மேலே வந்தபோது, கடைசிப் பெட்டியின் முதுகுதான் தெரிந்தது. அதுவும் வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

பாலத்தில் வழக்கமாகப் படுத்திருக்கும் செவலை நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. ‘இந்த வாரமும் கோட்டை விட்டாயா?’ என்று கேட்பதுபோல் இருந்தது. பிறகு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டது.

அந்த ரயிலின் சமையல் பெட்டியில்தான் அவளுடைய அம்மா வேலை பார்த்தாள். ரயில் இந்த ஊரில் நிற்காது. ஆனால் பாலத்தை நெருங்கும்போது அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். மகள் மேலிருந்து கை ஆட்டுவாள். அம்மா கீழிருந்து கைத்துணியை ஆட்டுவாள். எண்ணிப் பார்த்தால் பதினொரு விநாடி.

மாதத்துக்கு ஒரு முறை அம்மா இரண்டு நாள் வீட்டுக்கு வருவாள். மீதி நாட்களுக்கெல்லாம் இந்தப் பதினொரு விநாடிதான். அதுவும் மூன்று வாரமாக இல்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘நிமிஷம்’ என்று பட்டப்பெயர். யார் விளையாடக் கூப்பிட்டாலும் “ஒரு நிமிஷம்” என்பாள். அந்த நிமிஷம் முடிவதற்குள் கூப்பிட்டவர்கள் வேறு யாரையாவது சேர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் வரமாட்டேன் என்று சொன்னதே இல்லை. புதுப் பள்ளியில் ஒரு கூட்டத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்வது என்று யோசிக்கக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

வீடு மாடியில் இரண்டே அறை. அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்துவரை வேலை. அவள் கதவைத் திறக்கும்போது மேசைமேல் உடைந்த ரொட்டிகளும் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். உடைந்ததைக் கடையில் விற்க முடியாது என்பதால் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அவள் முழு ரொட்டியைப் பார்த்துப் பல நாள் ஆகிவிட்டது.

“குட்டி, கதவைத் தாழ்ப்பாள் போடு. வெறும் ரொட்டியாத் தின்னாதே. வாழைப்பழமும் இருக்கு. அப்பா” என்று சீட்டில் எழுதியிருந்தது.

ஏழு மணிக்குக் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா மாடிப்படிக்கு வந்து, “இருக்கியா?” என்று குரல் கொடுப்பாள்.

“இருக்கேன்க்கா!”

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. பிறகு எட்டு மணிவரை வீட்டில் குழாய் சொட்டுவதுகூடப் பெரிதாகக் கேட்கும்.

எட்டு மணிக்கு, ரயில் எந்த நிலையத்தில் நிற்கிறதோ அங்கிருந்து அம்மா போன் செய்வாள்.

“பாலத்துல பாத்தேன் கண்ணு. நாய் மட்டும்தான் இருந்துச்சு.”

“ஓடித்தாம்மா வந்தேன்.”

“பரவால்ல விடு. ஆட்ட வந்த கையைச் சும்மா விடலாமா? நாய்க்கு ஆட்டிட்டேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் கேட்டாள்.

“எப்பம்மா வருவே?”

“இருபத்தொண்ணாம் தேதி.”

“எப்ப வருவே?”

“இப்பத்தானே சொன்னேன்.”

“நிஜமா எப்பம்மா வருவே?”

அதற்குள் ரயில் ஊதிவிட்டது.

போனை வைத்துவிட்டு அவள் யோசித்தாள். வந்த புதிதில் பள்ளி விட்டு ஓடினால் பாலத்தில் நிறைய நேரம் இருக்கும். நாய்க்கு ரொட்டி பிய்த்துப் போட்டு, அது தின்று முடித்து, ஏப்பம் விட்ட பிறகுதான் ரயில் வரும். அப்புறம் நாய் தின்றுகொண்டிருக்கும்போதே வந்தது. அப்புறம் பையைத் திறப்பதற்குள் வந்தது. இப்போது அவள் வருவதற்கு முன்பே போய்விடுகிறது.

‘நான்தான் வரவர மெதுவா ஓடறேனோ?’

மறுநாள் சாயங்காலம், நாலு மணிக்கு அடிக்க வேண்டிய பள்ளி மணி அடித்தபோது அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அது அம்மாவின் பழைய கடிகாரம். ஒவ்வொரு முறை வரும்போதும் ரயில்வே கடிகாரத்தோடு ஒப்பிட்டு அம்மா சரிசெய்து வைப்பாள். அதில் நாலு மணி தாண்டி ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி ஆகியிருந்தது.

அவள் கால்கள்மேல் குற்றம் இல்லை. குற்றம் மணிமேல்தான் இருந்தது.

பையை மாட்டிக்கொண்டு, இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டிக் கணக்கு சாரிடம் போனாள்.

“சார்... ஸ்கூல் மணி லேட்டா அடிக்குது சார்.”

சார் தன் போனை எடுத்துப் பார்த்தார். “தெரியுமே. காலையிலயும்தான் ஆறு நிமிஷம் லேட்டா அடிக்குது. அதுல யாருக்காவது வருத்தமாப்பா?”

“இல்லவே இல்ல சார்!” என்று வகுப்பு கத்தியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள் கடைசி பெஞ்சில் இருந்த ‘சைரன்’. அவள் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்பு திரும்பிப் பார்க்கும்.

“காலையில இனிக்குது, சாயங்காலம் கசக்குதா? நம்ம ஸ்கூல்ல மணி அடிச்சாத்தாம்மா நாலு” என்றார் சார். வகுப்பே சிரித்தது.

பாலமும் ரயிலும் அவள் நாக்கு நுனிவரை வந்தன. சிரிக்கிற நாற்பது பேர் நடுவில் அம்மாவைப் பற்றி எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தாள்.

பள்ளி மணியை அடிப்பது ஆள் இல்லை, ஒரு பெட்டி. கம்ப்யூட்டர் மிஸ் போன வருஷத்து மாணவர்களோடு சேர்ந்து செய்தது. சாப்பாட்டு டப்பா அளவில் அறைச் சுவரில் மாட்டியிருக்கும். உள்ளே ஒரு குட்டிக் கணினி உட்கார்ந்து விநாடிகளை எண்ணிக்கொண்டே இருக்கும். நேரம் வந்தால் மணியை அடிக்கும். பெட்டிமேல் ஒட்டிய காகிதத்தில், நேரம் கடைசியாகச் சரிசெய்த தேதி எழுதியிருந்தது.

அவள் விரல் விட்டு எண்ணினாள். இன்றோடு நூற்று எழுபது நாள். ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி என்றால் முந்நூற்று நாற்பது விநாடி.

“மிஸ், இந்தப் பெட்டி தினமும் ரெண்டு விநாடி பின்னாடி போகுது.”

விடைத்தாள் மலைக்குப் பின்னாலிருந்து மிஸ்ஸின் தலை எழும்பியது. “ரெண்டு விநாடியா? அது ஒரு கொட்டாவி விடற நேரம்டா.”

“தினமும் ஒரு கொட்டாவி விடுது மிஸ். நூத்தியெழுபது கொட்டாவி ஆயிடுச்சு.”

மிஸ் சிரித்துவிட்டார். “சரிபண்ணணும்னு நானும் நினைச்சுக்கிட்டே இருக்கேன். கையால திருத்தி வச்சாலும் நாளையிலேர்ந்து மறுபடி கொட்டாவிதான். ஒண்ணு பண்ணலாம். இன்டர்நெட்டுல மணி சொல்றதுக்குன்னே சில கம்ப்யூட்டர் இருக்கு. டைம் சர்வர்னு பேரு. உலகத்துல எந்த மூலையிலேர்ந்து யார் கேட்டாலும் சரியான நேரம் சொல்லும். நம்ம பெட்டியை அதுகிட்டக் கேக்க வைக்கணும். நீ எழுதறியா?”

“நானா?”

“கண்டுபிடிச்சவதானே எழுதணும்!” மிஸ் ஒரு புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டு விடைத்தாள்களுக்குள் மறுபடி மூழ்கினார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து பெட்டி என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நிரலைக் காகிதத்தில் எழுதினாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். அப்பா வேலைக்குப் புறப்படும்போது தலையைத் தடவி, “என்ன குட்டி, பரீட்சையா?” என்று கேட்டார். “இல்லப்பா, மணி” என்றாள். அப்பாவுக்குப் புரியவில்லை. பேருந்துக்கு நேரமானதால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் முதல் முறை கேட்டுப் பார்த்தாள்.

‘மணி என்ன?’

கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஆனால் மணியாக வரவில்லை, பத்து இலக்கமுள்ள ஓர் எண்ணாக வந்தது. நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு ஜனவரி முதல் தேதியில் ஆரம்பித்து, இதுவரை எத்தனை விநாடி போயிருக்கிறது என்ற எண் அது. புத்தகத்தில் இருந்த வழியில் அதை மணியும் நிமிஷமுமாக மாற்றினாள். நிமிஷம் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. மணியோ சுத்தமாக ஒத்துப்போகவில்லை.

“மிஸ், இது பொய் சொல்லுது!”

“பாவம், அதைத் திட்டாதே. நீ எந்த ஊர்ல உக்காந்திருக்கேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? உலகத்துக்கெல்லாம் பொதுவா ஒரு நேரம் இருக்கு, அதைச் சொல்லுது. நம்ம ஊருக்கு எவ்வளவு வித்தியாசமோ, அதை நாமதான் சேத்துக்கணும்.”

ஒரு வரியில் வித்தியாசத்தைச் சேர்த்தாள். திரையில் வந்த நேரமும் அம்மாவின் கடிகாரமும் ஒன்றாக ஓடின. ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. எங்கோ கண்காணாத இடத்தில் இருக்கும் ஒன்று, அவள் கேட்டதும் அவளுக்குப் பதில் சொல்கிறது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்தப் பிரியத்தில்தான் கடைசி வரிகளை இப்படி எழுதினாள்: மணி கேள். பதில் வரும்வரை காத்திரு. அடிக்கும் நேரமானால் அடி. ஒரு விநாடி கழித்து மறுபடி கேள்.

விநாடிக்கு ஒரு தடவை கேட்டால் தப்பு எப்படி வரும்? மிஸ் எட்டிப் பார்த்தார். அதற்குள் அடுத்த வகுப்புக் குழந்தைகள் திமுதிமுவென்று நுழைந்துவிட்டார்கள். “நல்லா இருக்கு, சாயங்காலம் மாட்டிடு” என்று சொல்லிவிட்டார்.

மூன்றரை மணிக்கு அவள் புது நிரலைப் பெட்டிக்குள் ஏற்றினாள். அன்றைக்கு மணி நாலு என்றால் நாலுக்கே அடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடமே அமர்க்களப்பட்டது. வழக்கமான ஆறு நிமிஷத்தை நம்பி நிதானமாக வந்தவர்கள் எல்லாரும் வாசலில் மாட்டிக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பையும் கையுமாக ஓடி வந்தவர்களில் கணக்கு சாரும் ஒருவர். தலைமையாசிரியை வாசலில் நின்று, “வாங்க சார், வாங்க” என்று மிகவும் மரியாதையாக வரவேற்றார்.

புதன்கிழமையும் மணி சரியாக அடித்தது. அன்று சாயங்காலம் அவள் நாய்க்கென்று ஒரு பெரிய ரொட்டித் துண்டை எடுத்துத் தனியாக வைத்தாள். “நாளைக்குப் பாலத்துல நிச்சயம் இருப்பேன்” என்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னாள்.

வியாழக்கிழமை வந்தது. கடைசி வகுப்பு கணக்கு. அவள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

கைக்கடிகாரத்தில் நாலு ஆயிற்று. மணி அடிக்கவில்லை.

நாலு ஒன்று. நாலு இரண்டு.

பெட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது. இந்தப் பள்ளிக்கூடத்தில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ‘சார், மணி இன்னிக்கு அடிக்காது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று மூடிக்கொண்டாள்.

நாலு ஏழு. கணக்கு சார் செவ்வாய்க்கிழமையிலிருந்து மணிக்குப் பயந்தவர். “மணி அடிக்கட்டும், மணி அடிக்கட்டும்” என்று இன்னொரு கணக்கைப் பலகையில் எழுதினார்.

நாலு பதினொன்றுக்குச் சைரன் எழுந்து நின்றாள். “சார்! மணி நாலு பதினொண்ணு! எங்க பஸ் போயிடும்!”

அந்தக் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. எல்லா வகுப்பிலும் நாற்காலிகள் நகர்ந்தன. பெட்டி செய்ய வேண்டிய வேலையைச் சைரன் செய்து முடித்துவிட்டாள்.

‘நிமிஷம்’ மட்டும் ஓடவில்லை. ஓடினாலும் பாலத்துக்கு ஒன்பது நிமிஷம் ஆகும். பள்ளி வாசலில் நின்றபோது தூரத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டது. பதினொரு விநாடி எண்ணினாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று ஏழு மணிக்குத் தையல்கார அக்கா, “இருக்கியா?” என்று கேட்டபோது, “இருக்கேன்” என்று சொல்லக்கூட அவளுக்குக் குரல் வரவில்லை. அக்கா இரண்டு படி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

எட்டு மணிக்குப் போன் அடித்தது. அம்மா கேட்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“எப்ப வருவே? எப்பம்மா வருவே? சொல்லு, எப்ப வருவே?”

அம்மா பக்கம் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது.

“கண்ணு, நீ கேக்கக் கேக்க எனக்குப் பதில் சொல்லவே வாய் வரமாட்டேங்குது. வேலையே ஓடமாட்டேங்குது. இருபத்தொண்ணாம் தேதின்னு ஒரு தடவை சொன்னேன்ல? மிச்சத்தை நீயே எண்ணிக்கலாம்ல? உனக்கு எண்ணத் தெரியாதா?”

அம்மாவின் குரல் நனைந்திருந்தது. அவள் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும்மா. இன்னும் பதினாறு நாள்.”

“அவ்வளவுதான். நீ எண்ணிக்கிட்டே இரு. நானும் எண்ணறேன்.”

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியை கம்ப்யூட்டர் அறைக்கே வந்துவிட்டார். “இன்னொரு தரம் மணி அடிக்காமப் போச்சுன்னா, பெட்டியைக் கழட்டி வச்சிடுங்க. அலுவலக உதவியாளரையே அடிக்கச் சொல்லிடலாம்.”

மிஸ்ஸும் நிமிஷமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அலுவலக உதவியாளர் ஒரு டீ குடிக்கவே இருபது நிமிஷம் எடுத்துக்கொள்பவர்.

தலைமையாசிரியை போனதும் இருவரும் பெட்டியைக் கணினியோடு இணைத்துப் பார்த்தார்கள். வியாழக்கிழமை மூன்றரை மணிவரை சர்வர் ஒழுங்காக நேரம் சொல்லியிருந்தது. அதன்பின் நேரத்துக்குப் பதிலாக ஒரு சின்னக் குறியீடு மட்டும் வந்திருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பெட்டியோ, ‘பதில் வரும்வரை காத்திரு’ என்று அவள் எழுதிய வரியிலேயே கல்லாட்டம் நின்றிருந்தது.

மிஸ் புத்தகத்தைப் புரட்டி அந்தக் குறியீட்டைத் தேடினார். “இதுக்கு அர்த்தம் என்னன்னா... ‘நீ ரொம்ப அடிக்கடி கேக்கறே. இனிமே உனக்குப் பதில் சொல்ல மாட்டேன்.’ அடடா, நீ விநாடிக்கு ஒரு தடவையா கேட்டே? நானும் கவனிக்கலியே!”

நிமிஷம் ஒரு காகிதத்தை இழுத்து எண்ணினாள். திங்கள் மூன்றரையிலிருந்து வியாழன் மூன்றரைவரை மூன்று நாள். ஒரு நாளைக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு விநாடி.

“ரெண்டு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து இருநூறு தடவை மணி கேட்டிருக்கேன் மிஸ்.”

“நானா இருந்தா மூணாவது தடவையே பல்லைக் கடிச்சிருப்பேன்” என்றார் மிஸ்.

அவள் சிரிக்கவில்லை. நேற்றைய போன் அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்கப் பதில் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

“பாவம் மிஸ் அது. உலகத்துல எல்லாரும் அதுகிட்டத்தானே கேக்கறாங்க?”

“இது இல்லாட்டா இன்னொண்ணு. வேற சர்வர் நிறைய இருக்கு. பேரை மாத்திடு, சரியாப் போயிடும்.”

“மாத்தினா அதையும் இதே மாதிரி தொந்தரவு பண்ணுவேன் மிஸ்.” அவள் விரல்கள் ஏற்கெனவே விசைப்பலகையில் இருந்தன. “காலையில ஒரே ஒரு தடவை கேக்கட்டும். மிச்ச நேரம் பெட்டி தானே எண்ணிக்கட்டும். ஒரு நாளைக்கு ரெண்டு விநாடிதானே தப்பும்? மறுநாள் காலையில திருத்திக்கலாம். பதில் வரலைன்னாலும் நிக்கக் கூடாது. தன் எண்ணிக்கையை வச்சு மணி அடிச்சுக்கிட்டே இருக்கணும்.”

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “அப்போ எப்ப கேக்கப் போறே?”

“இன்னிக்கு வேண்டாம். திங்கட்கிழமைவரைக்கும் சும்மா விடுவோம். அதுவரைக்கும் என் வாட்சைப் பாத்துப் பெட்டியில நேரம் வைக்கறேன்.”

“திங்கட்கிழமையும் பதில் சொல்லலைன்னா?”

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெட்டியில் நேரத்தை வைக்கத் தொடங்கினாள்.

“ஓஹோ! நீதானா மணியைக் கெடுத்தது?”

கதவருகில் சைரன் நின்றிருந்தாள். கணினித் திரையே அதிர்ந்ததுபோல் இருந்தது. “நேத்து என் பஸ் போயிடுச்சு தெரியுமா? முக்கால் மணி நேரம் நின்னேன்! மணி எப்ப அடிச்சா உனக்கு என்ன? வீட்டுக்குத்தானே போறே?”

‘ஒரு நிமிஷம்’ என்று சொல்ல வாய் போயிற்று. ஆனால் நேற்று வகுப்பில் வாயை மூடிக்கொண்டதால் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

“வியாழக்கிழமை எங்கம்மா ரயில்ல போவாங்க” என்றாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பாலம், கைத்துணி, பதினொரு விநாடி, உடைந்த ரொட்டி, எட்டு மணி போன் எல்லாம் வந்தது. ஆறு மாதத்துப் பேச்சு மொத்தமும் ஒரே மூச்சில் வந்தது. கண்ணீரும் கூடவே வந்தது, அவள் அதைத் துடைக்கவும் மறந்துவிட்டாள்.

சைரன் வாயே திறக்கவில்லை. அந்தப் பள்ளியின் சரித்திரத்தில் அது முதல் முறை. வெகுநேரம் கழித்து மெல்லிய குரலில், அதாவது பக்கத்து வகுப்புக்கு மட்டும் கேட்கும் குரலில், ஒன்று கேட்டாள்.

“அந்த நாய் கடிக்குமா?”

திங்கட்கிழமை காலை, மிஸ் வருவதற்கு முன்பே அவள் கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றிருந்தாள். பக்கத்தில் சைரன். மிஸ் கதவைத் திறந்ததும் நிமிஷம் பெட்டியை ஒரே ஒரு தடவை கேட்க வைத்தாள்.

‘மணி என்ன?’

திரையில் ஒன்றும் வரவில்லை. சைரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு விடும் நேரம் ஆயிற்று.

பத்து இலக்க எண் வந்தது.

“சொல்லிடுச்சு!” என்று சைரன் கத்தியதில், நேரத்தோடு பக்கத்து வகுப்புக்கு வந்திருந்த கணக்கு சார் கையிலிருந்த சுண்ணக்கட்டி கீழே விழுந்தது.

செவ்வாய் ஒரு தடவை கேட்டது. புதன் ஒரு தடவை. வியாழன் ஒரு தடவை. நடுவில் பெட்டி தானாகவே எண்ணிக்கொண்டது.

வியாழக்கிழமை சரியாக நாலு மணிக்கு மணி அடித்தது. பை முதுகில் தொம் தொம்மென்று அடிக்க அவள் ஓடினாள். பின்னால் இன்னொரு பையும் தொம் தொம்மென்றது.

“உன் பஸ்?”

“நாலே முக்காலுக்கு ஒண்ணு இருக்கு. போன வாரம்தானே கண்டுபிடிச்சேன்!”

பாலத்தில் ஏறியபோது நாலு ஒன்பது. நாய்க்கு ரொட்டி போட்டார்கள். அது தின்று முடித்து ஏப்பம் விட்டது. சைரன் கம்பிகளுக்கு இடையே மூக்கை நுழைத்து, “எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்? எத்தனாவது பெட்டி? எந்தக் கதவு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாலு பதினாலுக்குப் பாலம் அதிர்ந்தது.

ஏழாவது பெட்டியின் கதவில் அம்மா நின்றிருந்தாள். முதலில் நாயைப் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்தில் பார்த்தாள். அவள் கையில் இருந்த துணி, கொடிபோல மேலே எழும்பியது. நிமிஷம் இரண்டு கையையும் ஆட்டினாள். என்னவோ கத்தினாள், அது அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு குரல், “அம்மாஆஆ!” என்று ரயில் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அம்மா வாய்விட்டுச் சிரித்தது தெளிவாகத் தெரிந்தது.

அன்றைக்கு அவள் விநாடிகளை எண்ணவில்லை.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

“இன்னிக்குப் பாலத்துல மூணு பேர் இருந்தீங்க போலிருக்கே? யாரு கண்ணு அது, எங்க ரயில் ஹாரனையே தோக்கடிச்ச பொண்ணு? சமையல்காரங்க எல்லாரும் கரண்டியோட எட்டிப் பாத்தாங்க.”

“அவதாம்மா சைரன்.” அவள் கொஞ்சம் நிறுத்தி, அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். “என் ஃபிரெண்டு. அடுத்த வாரமும் வருவா.”

“அப்போ அடுத்த வாரம் நான் ரெண்டு துணி கொண்டாரணும்.” அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆமா, என்ன இன்னிக்கு ஒரு தடவைகூட எப்ப வருவேன்னு கேக்கவே இல்ல?” என்றாள்.

“ஒரு நாளைக்கு ஒரு தடவை கேக்கலாம்மா. இப்பக் கேக்கறேன். எப்ப வருவே?”

“இன்னும் ஒன்பது நாள்.”

“சரியா இருக்கு” என்றாள் அவள். “நான் எண்ணினதும் ஒன்பதுதான்.”